தாம்பரத்தில் எழுதிய தீவுச் செய்திகள்

இந்தியாவை விட்டு நான் வெளியே போனதில்லை. பாஸ்போர்ட்கூடக் கிடையாது. ஆனால் சில வருடங்கள், கரீபியன் கடலில் உள்ள ஒரு சின்னத் தீவின் கடற்கரை ரிசார்ட்டில் தங்குகிறவர்கள் காலைச் சிற்றுண்டியோடு படித்த ஒரு பக்கச் செய்தித்தாளை எழுதியது நான்தான். தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பேக்கரிக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதினேன்.

அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். தொண்டையில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு ஒரு பீரியடுக்கு மேல் குரல் தாங்கவில்லை. வாய் திறக்காமல் செய்யக்கூடிய வேலை ஏதாவது கிடைக்குமா என்று தேடியதில் இது கிடைத்தது. பல ஊர் ஓட்டல்களுக்கு விளம்பரமும் கடிதமும் எழுதித் தரும் அலுவலகம் அது. எனக்கு வந்து சேர்ந்தது தீவு.

‘இன்று நம் தீவில்’ என்பது தலைப்பு. நமக்கு விடிகிறபோது அங்கே முந்தின நாள் இரவு தொடங்கியிருக்கும். காலையில் நான் எழுதி அனுப்பினால், அவர்களுக்கு விடிவதற்குள் அச்சாகி அறைக் கதவுகளின் கீழே நுழைந்துவிடும். நண்டு ஓட்டப் பந்தயம் எத்தனை மணிக்கு, ஆமைக்குஞ்சுகள் எந்த மூலையில் பொரிந்திருக்கின்றன, இன்று யாருக்குப் பிறந்தநாள், எந்தத் தம்பதி ஐம்பதாவது வருடத்தில் மறுபடி மோதிரம் மாற்றிக்கொள்கிறார்கள். இவைதான் செய்தி. கெட்டது எதுவும் அதில் வரக்கூடாது. கடற்பாசி கரை முழுக்க ஒதுங்கி, முட்டை அழுகின நாற்றம் அடித்தாலும் ‘கடலின் பருவகால விருந்தாளி’ என்றுதான் எழுத வேண்டும். மழை என்ற சொல்லுக்கு முன்னால் ‘இதமான’ கட்டாயம்.

செய்தி தருகிறவள் ஒரு தீவுக்காரி. விருந்தினர்களுக்குப் படகு, நீச்சல், ஆட்டம் பாட்டம் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்யும் மேசை அவளுடையது. வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்குக் குரல் செய்திகள் அனுப்புவாள். அவள் ஆங்கிலம் முதல் மாதம் எனக்குப் பாதிதான் புரிந்தது. குரலுக்குப் பின்னால் தவளைகள் ஓயாமல் கத்தும். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவளுக்கும் என் வயதுதான். அம்மாவோடு இருந்தாள். அம்மாவுக்கு நடக்க முடியாது, ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே ஊர் வம்பு முழுக்கச் சேர்த்துவிடுவாள் என்று சிரிப்பாள். செய்தித்தாளில் போட முடியாத வம்புகளும் எனக்கு வரும். அதற்காகவே காலையில் சீக்கிரம் அலுவலகம் போவேன்.

சேலையூரில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருத்தி உண்டு. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வருபவள். என் வேலையைப் பற்றி ஒருமுறை கேட்டாள். சொன்னேன்.

“அங்க நண்டு ஓட்ற கதைய இங்கக் குந்திகினு நீ எழுதறியா? அத வேற துட்டு குட்து படிக்கிறானுங்களா? இன்னாமா இது!” என்று கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒரு செப்டம்பரில் அந்தப் பக்கக் கடலில் புயல் உருவானது. எங்கே கரையைக் கடக்கும் என்று அங்கே வானிலைக்காரர்களாலும் முதலில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ரிசார்ட்டின் தலைமை அலுவலகம் வேறொரு நாட்டில் இருந்தது. அங்கிருந்து எனக்கு ஒரு குறிப்பு வந்தது: ‘விருந்தினர்களைக் கலவரப்படுத்த வேண்டாம். இதமான மழை, காற்று. உள்ளரங்க விளையாட்டுகள் என்று போடவும்.’ அப்படியே போட்டேன். தம்போலா, காக்டெய்ல் வகுப்பு, சமையல்காரரின் சூப்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்து அவள் குரல் செய்தியைக் கேட்டேன். வழக்கமான சிரிப்பு இல்லை.

“டீச்சர், புயல் எங்க பக்கம்தான் திரும்பியிருக்கு. பக்கத்துப் பெரிய தீவுக்குப் போற படகு நாளைக்குக் காலையில ஒண்ணுதான். அதுக்கப்புறம் துறைமுகத்தை மூடறாங்க. போக முடியாதவங்களுக்குச் சலவைக்கூடம்தான், அது ஒண்ணுதான் கான்கிரீட்டு. நான் ஒவ்வொரு அறையாப் போய்ச் சொல்றேன். நீ எழுதின தாளைக் கையில வெச்சுக்கிட்டு, ‘மழைன்னுதானே போட்டிருக்கு’ன்னு கேக்கறாங்க. நான் சொல்றதை நம்பமாட்டேங்கறாங்க, அச்சானதை நம்பறாங்க.”

எங்கள் அலுவலகத்தை நடத்தியவர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் நான் சார் என்பேன், அவர் மேடம் என்பார். அவர் அறைக்குப் போய் அதைப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார்.

“கிளையன்ட் என்ன சொல்லியிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும் மேடம். நாம அதை மீற முடியாது.”

“படகு நேரத்தை மட்டும் போடறேன் சார். போறதும் இருக்கறதும் அவங்க இஷ்டம்.”

“அந்தப் படகுதான் கடைசின்னு போட்டா, அவ்வளவு பேரும் கிளம்பிடுவாங்க. ரீஃபண்ட் கேப்பாங்க. நம்ம கான்ட்ராக்ட் போயிடும்.”

தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். அங்கே இரவு. யாரும் எடுக்கவில்லை. மெயில் அனுப்பினார். பதில் இல்லை. தீவில் அச்சுக்குப் போகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். நான் நாற்காலியைவிட்டு எழவில்லை.

எனக்கு அனகாபுத்தூர் நினைவு வந்துகொண்டிருந்தது. சென்னை மூழ்கிய அந்த டிசம்பர் வெள்ளத்தின்போது அடையாற்றை ஒட்டின சந்தில் குடியிருந்தோம். அன்று மத்தியானம் மழை விட்டிருந்தது. வெயிலே எட்டிப் பார்த்தது. எல்லாம் முடிந்தது என்று மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கினேன். குளியலறைச் சாக்கடைத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே கொப்பளித்து வந்துகொண்டிருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினோம். எதிர் வீட்டுப் பெரியவரால் ஓட முடியவில்லை. அரை நாள் முன்னால் தெரிந்திருந்தால் ஓர் ஆட்டோவில் அவரை ஏற்றியிருக்கலாம் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை. இதை நான் சாரிடம் சொன்னேன். குரல் கட்டிக்கொண்டதால் பாதி அவருக்குக் கேட்டிருக்காது.

அவர் சொன்னார்: “நான் அப்போ பொத்தேரியில ஹாஸ்டல்ல இருந்தேன் மேடம். அப்பா முடிச்சூர்ல தனியா இருந்தார். ரெண்டு நாள் போன் இல்லை. மூணாவது நாள்தான் அவர் உயிரோட இருக்கறது தெரிஞ்சுது.” பேனாவைக் கீழே வைத்தார். “போட்டுடுங்க. யார் கேட்டாலும் நான் சொல்லித்தான் போட்டீங்கன்னு சொல்லிக்கறேன்.”

அன்றைய தாளில் நண்டும் தம்போலாவும் இல்லை. புயல் வருகிறது, படகு இத்தனை மணிக்கு, இதுவே கடைசி, பாஸ்போர்ட்டும் மருந்தும் கையில் இருக்கட்டும், பெட்டிகளை விட்டுவிடுங்கள். போக முடியாதவர்கள் சலவைக்கூடத்துக்கு வாருங்கள், அது கான்கிரீட் கட்டடம். பெரிய எழுத்தில் இவ்வளவுதான். எழுதி முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அடுத்த காலையில் அவள் அனுப்பியது மிகச் சின்னச் செய்தி. படகு நிரம்பிப் போனது, பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் தங்கிவிட்டார்கள், எல்லோரும் சலவைக்கூடத்தில். “நான் அம்மாகிட்ட போறேன். பக்கத்து வீட்டுப் பையன்களை வெச்சு அவங்களைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போகணும். காத்து ஆரம்பிச்சாச்சு, கேக்குதா?” என்றாள். கேட்டது. தவளைச் சத்தம் இல்லை.

பிறகு ஒன்றும் இல்லை. டிவியில் அந்தத் தீவின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. இணையத்தில் மேலிருந்து எடுத்த ஒரு படம் வந்தது. பச்சையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் பழுப்பாக இருந்தது. கூரைகள் இருக்க வேண்டிய இடத்தில் சதுரம் சதுரமான குழிகள். நான் அலுவலகத்துக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன். அவளுக்கு அனுப்பிய செய்திகள் எதுவும் போய்ச் சேரவில்லை.

மீன்கார அக்கா என் முகத்தைப் பார்த்துக் கூடையை இறக்கினாள். “இன்னாமா ஆச்சு? ஒரு மாதிரி கீற?”

சொன்னேன். இந்த முறை சிரிக்கவில்லை.

“எங்க வூட்டாளு ஒருதபா புயல்ல மாட்டிகினாரு. நாலு நாளு ஆள் வரல. அல்லாரும் கரையிலயே நின்னாங்க. என்னால நிக்க முடியல. வூட்டுக்கு வந்து சோறு ஆக்கினேன். தெனிக்கும் அவருக்கும் சேத்து ஆக்கினேன். வேற இன்னா பண்றது, சொல்லு?” மீனைச் செதில் சீவிக்கொண்டே கேட்டாள். அவள் கணவர் திரும்பி வந்தாரா என்று கேட்கவும் பயமாக இருந்தது. என் பார்வையைப் புரிந்துகொண்டு, “வந்தாரு, வந்தாரு. வந்து ஒரே பேஜாரு இப்போ” என்றாள்.

தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ரிசார்ட் காலவரையின்றி மூடப்படுகிறது, எங்கள் சேவை இனி தேவையில்லை. அந்தத் தாளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. படகில் வந்துசேர்ந்த விருந்தினர்கள் நன்றி சொல்லிப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்ததால் அதைக் கிளற விரும்பவில்லை போலிருக்கிறது என்றார் சார். ஆனாலும் எனக்குத் தர அவரிடம் வேறு வேலை இல்லை. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல் வருத்தமும் இல்லை.

வீட்டில் இருக்கும்போதுதான் தீவிலிருந்து அவள் அழைத்தாள். குரல் செய்தி இல்லை, நேரடியாகப் போனே வந்தது. மருத்துவமனைக் கட்டடத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது, அங்கே மட்டும் சிக்னல் வருகிறது என்றாள். நலமா, எப்படி இருக்கிறாய் என்று நான் அடுக்கியதை எல்லாம் தள்ளிவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“டீச்சர், எனக்கு ஒரு பக்கம் எழுதித் தரணும். இங்கே ஒவ்வொரு வாயிலயும் ஒவ்வொரு செய்தி. தண்ணி லாரி வடக்கே வருதுன்னு கேட்டு ஜனங்க நடந்துபோனா, அது தெற்கே நிக்குது. செத்தவனைப் பொழைச்சிட்டான்கிறாங்க, பொழைச்சவனைச் செத்துட்டான்கிறாங்க. இங்கே ஒரு பிரிண்டர் வேலை செய்யுது. நான் சொல்றேன், நீ எழுதி அனுப்பு. சர்ச் சுவத்துல ஒட்டறேன்.”

“தலைப்பு என்ன போடட்டும்?”

“அதே தலைப்பைப் போடு. இங்கே பாதிப் பேர் ரிசார்ட்டுல வேலை பார்த்தவங்க, எல்லாருக்கும் அதுதான் பழக்கம்.”

அன்றிலிருந்து காலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். குடிதண்ணீர் எங்கே, எப்போது. தார்ப்பாய் யாரிடம் வாங்கலாம். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் சேயும் நலம். கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். இன்னார் பெரிய தீவில் பத்திரமாக இருக்கிறார், தங்கையிடம் சொல்லுங்கள். ‘இதமான’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை.

இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, இறந்தவர்களின் பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பெயருக்கு முன்னால் நிறுத்தினாள்.

“அடுத்தது எங்க அம்மா.”

தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாளாம். அடிபடவில்லை, நனையவுமில்லை. பிறகு மூச்சு இரைக்க ஆரம்பித்தது, மருந்து இல்லை, முந்தின இரவு அடங்கிவிட்டது. நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

“அப்புறம் பேசலாம் டீச்சர். இப்போ எழுது. எல்லாரையும் போல ஒரு வரி. அடக்கம் நாளைக்குச் சாயங்காலம். பாட்டுப் புத்தகம் நனைஞ்சுபோச்சு, பாட்டு தெரிஞ்சவங்க முன்வரிசைக்கு வரணும்னு போடு.”

அப்படியே போட்டேன். அனுப்பிவிட்டு அடுப்பில் இருந்த பாலைப் பார்த்தேன். பொங்கி வழிந்து கருகிப் போயிருந்தது. மறுநாள் அவளிடம் கேட்டேன். முன்வரிசையில் இடமே இல்லையாம்.

மின்சாரம் வரும்வரை அந்தத் தாள் வந்தது. பிறகு ஒரு நாள், “நாளைக்கு வேண்டாம், இனிமே ஒருத்தருக்கொருத்தர் பேசிப்பாங்க” என்றாள். நான் மாடம்பாக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்தேன். மைக் மாட்டிக்கொண்டு பாடம் எடுக்கிறேன், குரல் தாங்குகிறது. ரிசார்ட்டை வேறு யாரோ வாங்கிப் புதுப் பெயரில் திறந்துவிட்டார்கள். அவள் பழைய மேசைக்கே போய்விட்டாள். கோபமில்லையா என்று கேட்டதற்கு, “வேலை வேணுமே டீச்சர்” என்றாள்.

போன மழைக்காலத்தில் இங்கே புயல் எச்சரிக்கை. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். சாயங்காலம் அவளிடமிருந்து போன்.

“உங்க ஊர் பேரைச் செய்தியில சொன்னாங்க. நீ எந்த மாடி?”

“ரெண்டாவது.”

“கீழே இருக்கறவங்க?”

“எல்லாரும் இங்கேதான். கேளு.” போனைக் கூடத்தின் பக்கம் திருப்பினேன். தரைத்தளத்து வீட்டுக்காரர் அரிசி மூட்டையை இறக்க இடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி தோசைக்கல் எங்கே என்று சமையலறையிலிருந்து கத்தினாள். பிள்ளைகள் கட்டில்மேல் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் போனை வைக்கச் சொல்லாமல் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.