முன் பிரேக்

என் கணவர் பைக் ஓட்டக் கற்ற நாளிலிருந்து முன் பிரேக்கைத் தொட்டதில்லை. "அதப் பிடிச்சா வண்டி குப்புறத் தள்ளிரும்" என்பது அவருடைய வேதவாக்கு. அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்களும் அதைப் பிடித்துப் பார்த்தவர்கள் இல்லை. எல்லா வேலையும் வலது காலுக்குத்தான்.

அந்தக் கால்தான் வைகைக் கரைச் சாலையில் எங்களை உருட்டிவிட்டது. நாய் குறுக்கே வந்தது. அவர் மிதித்த மிதியில் பின் சக்கரம் சுற்றாமல் நின்று மணலில் வழுக்கியது. எனக்கு முழங்கை சிராய்ப்பு. "இனி உங்க பின்னால ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கோச்சடையிலிருந்து நாகமலை புதுக்கோட்டைக்கு, நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு, பஸ்ஸில் போகத் தொடங்கினேன். மனிதர் வாடிப்போனார். உண்மையைச் சொன்னால், அந்தக் காலைப் பயணம் இல்லாமல் எனக்கும் என்னவோ போலத்தான் இருந்தது.

அப்புறம் ஏபிஎஸ் வைத்த புது பைக் எடுத்தார். "எம்புட்டு அழுத்திப் பிடிச்சாலும் சக்கரம் லாக் ஆகாதாம், வழுக்காதாம். இப்ப ஏறுவியா?"

ஏறினேன். ஆனால் ஷோரூம்காரர், "இதுல ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் சார்" என்று விளக்கியபோது, இவர் குனிந்து டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். காதில் வாங்கியது நான்தான்.

ஒரு வாரம் பின்னாலிருந்து கவனித்தேன். விரல் முன் பிரேக் பக்கமே போகவில்லை. குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மழையில் நனைகிற கதை. வேகத்தடைக்கு வேகத்தடை "இருக்கியா?" என்று மட்டும் கேட்பார். விழுந்த பயம் அவருக்கும் போகவில்லை. "இருக்கேன்" என்பேன், எரிச்சலாக.

"வண்டி மாறிருச்சு, நீங்க மாறலயே. முன் பிரேக் பிடிக்கலன்னா நான் திரும்பவும் பஸ்லதான் போவேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நாகமலைப் பக்கம் ஆளில்லாத ஒரு சாலைக்குப் போனோம். நான் ஓரமாக நின்றேன். முதலில் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் தடவிக்கொண்டிருந்தார். நான் முறைத்த முறைப்பில், கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரே பிடியாகப் பிடித்தார். வண்டி நேராக நின்றது.

"ஏய், உள்ள இருந்து யாரோ விரலத் தட்டுறாங்கடி!"

"ஏபிஎஸ்தாங்க தட்டுது. வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அவ்வளவுதான், அதன்பின் வீட்டுக்கு வரவே மாட்டேன் என்று அடம். போய்த் திரும்பி, பிடித்து, நின்று, சிரித்து, மறுபடி போனார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் காலை தூறல். முன்னால் போன ஷேர் ஆட்டோ, கை காட்டிய ஒருவருக்காகச் சட்டென்று நின்றது. கையும் காலும் சேர்ந்து வேலை செய்தன. ஆட்டோவுக்குப் பின்னால், தொடாமல், நேராக நின்றோம். வழக்கமாக ஆட்டோக்காரரிடம் ஒரு மூச்சு சண்டை போடுகிறவர், பிரேக்கைப் பிடித்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கேட்கவே மறந்துவிட்டார்.

நானே அவர் தோளில் கை வைத்து, "இருக்கேங்க" என்றேன்.