வகுக்கத் தெரியாத கம்பைலர்

கம்ப்யூட்டர் தொழில் என்றால் ஏ.சி. அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்காருவது என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. எண்பதுகளில் நான் மாரடித்த கம்ப்யூட்டருக்கு அறையும் கிடையாது, பெட்டியும் கிடையாது. மதுரையில் மாசி வீதிச் சந்து ஒன்றில், ஸ்டெபிலைசர் செய்யும் கம்பெனியின் மாடியில், ஒரு பலகைமேல் ஒற்றை சர்க்யூட் போர்டாக மல்லாந்து கிடந்தது. கூட ஒரு கீபோர்டு, ஒரு பழைய டி.வி., எழுதியதைக் கீச்சுச் சத்தமாகக் கேசட்டில் பதிந்து வைக்க ஒரு டேப் ரெக்கார்டர். இப்படி ஒரு மாடியில், இப்படி ஒரு முதலாளியிடம் மாட்டிய சகோதரர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இது, மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஆர்டர் வந்த விதம்

கல்லுப்பட்டிப் பக்கம் புதிதாகப் பாலிடெக்னிக் தொடங்கிய தாளாளர் ஒருவர், நாங்கள் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியிருந்த இந்தப் போர்டை விலைக்குப் பார்க்க வந்தார். அதற்கு வெறும் எண்களாகத் தட்டினால்தான் புரியும். "பசங்க வார்த்தையில புரோகிராம் எழுதுனா எடுத்துக்குமா?" என்று கேட்டார். "தாராளமா எடுத்துக்கும்யா" என்று முதலாளி கண் இமைக்காமல் சொன்னார். அதற்குக் கம்பைலர் வேண்டும். நாம் எழுதும் வார்த்தைகளை மெஷினுக்குப் புரியும் எண்களாக மாற்றித் தரும் புரோகிராம் அது. எங்களிடம் அது இல்லை என்பதெல்லாம் முதலாளிக்குச் சின்ன விஷயம்.

எனக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. நான் தற்காலிக ஊழியன். சித்திரைத் திருவிழா முடிந்து தாளாளர் திரும்ப வரும்போது கம்பைலர் ஓடினால் நிரந்தரம். ஓடாவிட்டால் பரவைக் கிளைக்குப் போய் டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்ற வேண்டும். பேரையூரில் என் மாமா, வேலை நிரந்தரமானால்தான் மகளைத் தருவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதையெல்லாம் சொல்லி, கொஞ்சம் அவகாசம் கேட்டுப் பார்த்தேன். முதலாளி சொன்னார்: "மெட்ராஸ்ல ஒருத்தன் செய்யிறான்ல தம்பி? அவனுக்கு என்ன ரெண்டு மூளையா இருக்கு?"

உறுமாத மெஷின்

மெட்ராஸ் நண்பன் ஒருவன் கம்பைலரின் மூலத்தை அச்சடித்த காகிதக் கட்டாக அனுப்பினான். அதில் ஒரு சின்னப் பகுதியை நானே எண்களாக மாற்றி உள்ளே தட்டினேன். அது அடுத்த பகுதியை மாற்றித் தரும். இரண்டும் சேர்ந்து அதற்கடுத்ததை. துளி மோரை ஊற்றிப் பானைப் பாலைத் தயிராக்குகிற வேலைதான். பால் உறைகிற வரைக்கும் பானையை அசைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் மெஷின் பெரிய பகுதியை மாற்றிக்கொண்டிருந்தது. நான் கீழே டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் டி.வி. இருட்டாக இருக்கிறது. கரண்ட் போகவில்லை, ஃபேன் ஜோராகச் சுற்றுகிறது. அதற்கு அடியில் முதலாளி காற்று வாங்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து செய்ததெல்லாம் போச்சு. ஆயுள் முழுக்க ஸ்டெபிலைசரோடு வாழ்ந்த மனிதர், நிதானமாக விளக்கம் கொடுத்தார்: "சத்தமே இல்லையேப்பா, ஓடலைன்னு அமத்திட்டேன். ஓடுனா உறுமணும்ல?"

மோர்ப்பந்தலில் கம்பைலர்

ஒருவழியாகக் கம்பைலர் வந்தது. ஆனால் எங்கள் சிப்புக்குப் பெருக்கத் தெரியாது, வகுக்கத் தெரியாது, விடையை டி.வி.யில் காட்டவும் தெரியாது. இதற்கெல்லாம் தனித்தனியாகச் சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுதிக் கம்பைலருக்குத் துணையாக வைக்க வேண்டும். அந்தத் தொகுப்புக்கு ரன்டைம் லைப்ரரி என்று பெயர். ஒவ்வொன்றாக எழுதிக் கேசட்டில் ஏற்றினேன். ரொம்பப் படுத்தியது வகுத்தல். அதைக் கடைசியாக ஏற்றிவிட்டு, மூன்று நாளாவது நிம்மதியாக இருக்கலாம் என்று பேரையூருக்கு பஸ் ஏறினேன்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் எங்கள் கம்பெனி மோர்ப்பந்தல் போடுவது வழக்கம். இந்தத் தடவை பாட்டுப் போட டேப் ரெக்கார்டர் வேண்டுமென்று சேகர் மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டான். சேகர் எங்கள் சால்டரிங் ஆள். என்னை மாப்ள என்பான். உள்ளே என் கேசட் இருப்பதைப் பார்க்காமல் பட்டனை அமுக்க, கூம்பு ஸ்பீக்கரில் என் கம்பைலர் கீ...ச் என்று அழகர் வந்து தங்கும் மண்டகப்படி வரைக்கும் அலறியிருக்கிறது. மோர் வாங்க வந்த ஒரு பெரியவர் காதைப் பொத்திக்கொண்டு கேட்டாராம்: "ஏம்ப்பா, மோர் குடுக்கிறீங்களா, கூட்டத்தை வெரட்டுறீங்களா?"

தாளாளர் முன்னிலையில்

சேகர் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னபோது நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவன் என் கேசட்டை வெளியே எடுக்காமலே அதே டேப் ரெக்கார்டரில் மைக்கைச் செருகி அறிவிப்புச் செய்ததையும், மைக் வேலை செய்ய ரெக்கார்ட் பட்டனை அமுக்கியதையும் அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

தாளாளர் வந்து உட்கார்ந்தார். கேசட்டை ஓடவிட்டேன். கம்பைலர் ஏறியது, பெருக்கல் ஏறியது, விடை காட்டுவதும் ஏறியது. வகுத்தல் வர வேண்டிய இடத்தில் சேகரின் குரல் கணீரென்று வந்தது: "சிவப்புப் பாவாடை போட்ட பாப்பாவோட அம்மா எங்கிருந்தாலும் மோர்ப்பந்தலுக்கு வரவும்!" பாய்ந்து டேப்பை நிறுத்தினேன். தாளாளர் ஒன்றும் புரியாமல், "நம்ம பையன் ஒருத்தனோட மார்க்கைக் கூட்டி சராசரி போடச் சொல்லுங்க" என்றார். கூட்டுத்தொகை பளிச்சென்று வந்தது. சராசரிக்கு வகுக்க வேண்டுமே! கல்யாணம் கைநழுவிப் போவதைக் கண்ணால் பார்த்தபடி, "வகுக்கிறது மட்டும் இதுல இல்லைங்கய்யா" என்றேன்.

முதலாளி குறுக்கே விழுந்தார். "வேணும்னுதான்யா வைக்கலை. அம்புட்டையும் மிசினே செஞ்சுட்டா பசங்க என்னத்தைப் படிப்பாங்க? வகுக்கிறதை அவங்களே எழுதிச் சேக்கட்டும்!" தாளாளர் எழுந்து நின்று முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இது கல்வி! இந்தச் சிந்தனை மெட்ராஸ்காரனுக்கு வராது."

டீலக்ஸ்

ஆர்டர் உறுதியானது, என் வேலையும். மனசு கேட்காமல் வகுத்தலைத் திரும்ப எழுதி, நானே கல்லுப்பட்டிக்குக் கொண்டுபோனேன். தாளாளர் கேசட்டைத் தொடவே மறுத்தார்: "வேண்டாம் தம்பி, பையன்கள் கெட்டுப்போவாங்க." அதை முதலாளியின் மேஜைமேல் வைத்து, இனி எல்லாப் போர்டுகளுடனும் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வகுக்காதது சாதா மாடல். வகுக்கிறது டீலக்ஸ். வெலை வேற."

மாதக்கணக்கில் கண் எரிய உட்கார்ந்து ஓடவைத்த கம்பைலருக்காக ஒருவரும் என்னைப் பாராட்டியதில்லை. எனக்கு வேலையும் பெண்டாட்டியும் வாங்கிக் கொடுத்தது அதில் இல்லாமல் போன வகுத்தல்தான்.