ஆப்பிரிக்காவில் காய்த்து அரியலூரில் உடைந்த கொட்டை

போன வாரம் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு: ‘உலகக் கொள்முதலா, உள்ளூர்க் கொள்முதலா?’ வணிகவியல் துறை விழா. சால்வை உண்டு, மதியச் சாப்பாடு உண்டு. உடனே ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட கையோடு என் தங்கைக்கு போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன்.



“கேக்க வர்ற புள்ளைங்க பாவம்ணே” என்றாள்.

போனேன், பேசினேன். ஒரே நாட்டை நம்பிச் சரக்கு வாங்கினால் என்ன ஆகும், கப்பல் தாமதமானால் என்ன ஆகும், உள்ளூரில் வாங்கினால் என்னென்ன நன்மை என்று இணையத்தில் படித்ததையெல்லாம் ஸ்லைடு போட்டு விளாசினேன். கை தட்டினார்கள். ஆனால் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் மேடையில் விழுங்கிவிட்டேன். அதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். வாரா வாரம் என்னைச் சகித்துக்கொள்கிறவர்கள் நீங்கள்... உங்களிடம் என்ன வெட்கம்?

தங்கை பெயர் தமிழரசி. வரதராஜன்பேட்டை பக்கம் முந்திரி ஆலை வைத்திருக்கிறாள். ஆலை என்றதும் புகைபோக்கி, சங்கு என்று கற்பனை செய்ய வேண்டாம். நீளமாக ஒரு ஷெட், ஒரு பாய்லர், காலால் மிதித்துக் கொட்டை உடைக்கும் மெஷின்கள், இருபத்திரண்டு பெண்கள். அவ்வளவுதான். கொட்டையை ஆவியில் வேகவைத்து, உடைத்து, உலர்த்தி, தோலெடுத்து, முழுப்பருப்பைத் தனியாகவும் உடைந்ததைத் தனியாகவும் பிரிப்பார்கள். அவள் கணவர் ஜெயங்கொண்டத்தில் பள்ளி ஆசிரியர். ஆலை விஷயத்தில் வாயே திறக்க மாட்டார். அந்த வகையில் என்னைவிடப் பெரிய அறிவாளி.

ரெண்டு வருஷம் முன்னால், ஒரு மார்கழியில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர், அங்கே பஸ் மாறி ஜெயங்கொண்டம். வழியெல்லாம் சிமென்ட் லாரிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போகும். அதையெல்லாம் தாண்டினால் சாலையின் இரண்டு பக்கமும் முந்திரித் தோப்புகள். மனசு குளிர்ந்துபோய் ஆலைக்குள் நுழைந்தேன். அங்கே அடுக்கியிருந்த சாக்குகளில் பிரெஞ்சு எழுத்து!

இது என்னம்மா என்றேன். ஐவரி கோஸ்ட் கொட்டை என்றாள். ஆப்பிரிக்காவில் காய்த்து, கப்பலேறி, தூத்துக்குடியில் இறங்கி, லாரியில் வருகிறதாம். வாசலைத் தாண்டினாலே தோப்பு இருக்கிறதே என்று கேட்டேன். நம்ம ஊர் வெள்ளாமை மூன்று மாதம் ஓடும், மீதி ஒன்பது மாதம் இவர்கள் எதை உடைப்பார்கள் என்று திருப்பிக் கேட்டாள்.

நியாயமான பதில்தான். ஆனால் நான் பத்தி எழுதுகிறவன். நியாயமான பதிலை வைத்துக்கொண்டு பத்தி எழுத முடியுமா?

வீட்டுக்கு வந்ததும் எழுதினேன். இதே இடத்தில்தான், சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஜன்னலைத் திறந்தால் முந்திரி மரம், ஆனால் கொட்டை வருவதோ கடல் தாண்டி — இது அடுக்குமா என்று பொங்கினேன். நம் மண், நம் விவசாயி, நம் முந்திரி. முடிக்கும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. அதைத் தட்டிக்கொண்டிருந்த போன் எந்த நாட்டில் செய்தது என்பதெல்லாம் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

கட்டுரை வாட்ஸ்அப்பில் ஓடியது. ஓடி ஓடி, தமிழரசியிடம் பருப்பு வாங்குகிற சென்னை இனிப்புக் கடை வரைக்கும் போய்விட்டது. அந்தக் கடையின் பர்ச்சேஸ் மேனேஜர் அவளுக்கு போன் செய்தார். வருகிற தீபாவளிக்கு கிஃப்ட் பாக்ஸ் போடப்போகிறோம், ‘நம்ம ஊரு முந்திரி’ என்று பெட்டியிலேயே அச்சடிக்கப்போகிறோம், உள்ளூர்க் கொட்டையில் எடுத்த பருப்பு மட்டும்தான் வேண்டும் என்றார். வழக்கத்தைவிடப் பெரிய ஆர்டர்.

அவள் தயங்கினாள். தயங்கியவள் என்னிடம் யோசனை கேட்டாள். நான் என்ன சொல்லியிருப்பேன்?

“தைரியமா ஒத்துக்கம்மா” என்றேன்.

அந்த வருஷத்துக்கு அவள் ஆப்பிரிக்கக் கொட்டைக்குச் சொல்லி வைக்கவில்லை.

இந்த இடத்தில் பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழரசியின் ஆலையில் கொட்டை உடைப்பவர். ஐம்பது வயது இருக்கும். கொட்டைத் தோட்டிலிருந்து வடிகிற எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். கணவர் இல்லை. ஊருக்கு வெளியே அரை ஏக்கர் முந்திரித் தோப்பு உண்டு. அந்தப் பங்குனியில் தமிழரசி உள்ளூர்க் கொட்டையாகத் தேடித் தேடி வாங்க, சுற்றுவட்டாரத்தில் விலை ஏறியது. பாக்கியத்தின் தோப்புக்கும் நல்ல விலை. அடுத்த முறை நான் போனபோது அவரே எழுந்து வந்தார்.

“நீங்க எழுதுனதுனாலதான் இந்த வெலைன்னு தமிழம்மா சொன்னாங்க. நல்லாருங்க சார்” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கட்டுரை எழுதி அரை ஏக்கரை வாழ வைத்துவிட்டேனே! ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில், பக்கத்து சீட்காரரிடம் வலியப் போய்ப் பேச்சுக் கொடுத்து இதைச் சொன்னேன். பாவம், அவர் செந்துறை வரைக்கும் தூங்குவதாக நடித்தார்.

சந்தோஷம் வைகாசியோடு முடிந்தது. பூவெடுத்த நேரத்தில் பருவம் தப்பிப் பெய்த மழையில் நிறையப் பூ உதிர்ந்திருந்தது. எவ்வளவு உதிர்ந்தது என்பது கொட்டை பொறுக்கும்போதுதான் முழுசாகத் தெரிந்தது. இருந்ததையும் வெளியூர் வியாபாரிகள் வந்து பாதி அள்ளிப்போனார்கள். விலை ஏறியதற்கு என் எழுத்து மட்டும் காரணமில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆடி முடியும்போது ஷெட்டில் ஒரு சாக்கு இல்லை. மெஷின்களைத் துணி போட்டு மூடினாள். தீபாவளி ஆர்டரில் பாதிகூடத் தேறவில்லை. வேறு வழியில்லாமல் தூத்துக்குடி ஏஜென்டுக்கு போன் செய்தாள். முன்னமே சொல்லி வைத்தவர்களுக்குத்தான் இந்தக் கப்பல், உங்களுக்கு அடுத்த கப்பலில் பார்க்கலாம் என்றார் அவர். அடுத்த கப்பல் கொழும்பில் நின்றுவிட்டது. ஏன் நின்றது, எப்போது நகரும் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. காரணம் சொல்லாமல் நிற்கிற வசதி கப்பல்களுக்கு இருக்கிறது. நமக்கெல்லாம் ஆபீஸில் அரை நாள் லீவுக்கே காரணம் எழுத வேண்டும்.

நான் ஆறுதல் சொல்லக் கிளம்பிப் போனேன். ஷெட் வாசலில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேலை இல்லை என்று தெரிந்தும் தினம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களாம். மற்றவர்கள் கிடைத்த வேலைக்குப் போய்விட்டார்கள். பாக்கியமும் வாசலில் இருந்தார். எதையாவது நல்லதாகப் பேசுவோமே என்று, தோப்புக் கொட்டைக்கு நல்ல விலை கிடைத்ததைப் பற்றி எடுத்தேன்.

“கிடைச்சுதுங்க. இல்லேன்னு சொல்லல” என்றார். “ஆனா அந்தக் காசு ஆனி வரைக்கும் வந்துச்சு. நான் வருசம் பூரா சாப்பிடறேனே சார்.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். ஐப்பசிக்குள் வேலை வராவிட்டால் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூர் போகலாம் என்று இருக்கிறாராம். அங்கே அக்கா மகள் பனியன் கம்பெனியில் இருக்கிறாளாம். சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டார்:

“கொட்டை எந்த ஊருதா இருந்தா என்னங்க சார்? ஒடைக்கிற கை நம்ம ஊருதானே?”

இதை நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. என் கட்டுரையில் மண் இருந்தது, விவசாயி இருந்தார், கடல்கூட இருந்தது. உடைக்கிற கை இல்லை. இத்தனைக்கும் அன்றைக்கு அந்த ஷெட்டில் நாற்பத்து நான்கு கைகளுக்கு நடுவே நின்றுகொண்டுதான் சாக்கில் இருந்த பிரெஞ்சு எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போனேன். தமிழரசி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். டீ கொடுத்தாள்.

“உன் மேல தப்பில்லண்ணே. பத்து வருசமா தொழில் பண்றவ, உன்கிட்ட போய் யோசனை கேட்டேன் பாரு... அது என் தப்பு” என்றாள்.

திட்டியிருக்கலாம்.

ஒருவழியாகப் புரட்டாசியில் கப்பல் நகர்ந்தது, சரக்கு வந்தது. மெஷின்களின் துணியை எடுத்தார்கள். சொல்லியனுப்பியதும் பதினெட்டுப் பேர் திரும்பி வந்தார்கள். நாலு பேர் வரவில்லை. பாக்கியம் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். ஆனால் இப்போது வேறொரு சிக்கல். சென்னையிலிருந்து வந்திருந்த காலிப் பெட்டிகள் அத்தனையிலும் ‘நம்ம ஊரு முந்திரி’ என்று தங்க எழுத்தில் பளபளக்கிறது. உள்ளே போடப்போகும் பருப்பில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட்!

மேனேஜருக்கு போன் செய்து உள்ளதைச் சொன்னாள். நான் பக்கத்திலேயே இருந்தேன், ஸ்பீக்கரில் கேட்டது. அவர் பதறவெல்லாம் இல்லை.

“கலந்து போட்டுடுங்க மேடம். தோலெடுத்த அப்புறம் எந்த ஊர் கொட்டைன்னு யாருக்குத் தெரியப்போகுது?”

யாருக்கும் தெரியாதுதான். ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அது அருமையான யோசனையாகப்பட்டது. ஆர்டர் தப்பும், ஆலை தப்பும், முக்கியமாக என் கட்டுரையின் மானம் தப்பும். தமிழரசியைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியும்ல சார்” என்றாள் போனில். “அங்க மரம் வச்சிருக்கறவனும் எங்க பாக்கியம் மாதிரிதான இருப்பான்? அவன் கொட்டையில எங்க ஊரு பேரைப் போட மாட்டேன்.”

மேனேஜர் இதைக் கவிதையாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளூர்ப் பருப்பு எத்தனை பெட்டிக்குத் தேறுமோ அதை மட்டும் அனுப்புங்கள், மீதிப் பெட்டிகளைத் திருப்பிவிடுங்கள் என்றார். அந்தக் கடையிலிருந்து அப்புறம் ஆர்டரே வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை.

மீதிப் பருப்பை அவளே சாதாரணப் பெட்டிகளில் போட்டாள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்றாள். ஸ்டிக்கர் வாசகத்துக்கு எழுத்தாளர் தேவைப்பட்டார். பிராயச்சித்தம் செய்யக் கிடைத்த வாய்ப்பாயிற்றே! கண்டங்களை இணைக்கும் சுவை, கடலோடு கைகோத்த கிராமம் என்று நான்கைந்து எழுதிக் காட்டினேன். தமிழரசி படித்துவிட்டு, பாக்கியத்துக்கும் வாசித்துக் காட்டினாள். எங்கே வெளைஞ்சுது, எங்கே ஒடைச்சுது, அதைப் போட்டாப் போதுமே என்றார் பாக்கியம்.

அப்படியே அச்சடித்தோம். ‘விளைந்தது ஐவரி கோஸ்ட். உடைத்தது வரதராஜன்பேட்டை.’ நான் எழுதியதிலேயே கச்சிதமான வரிகள். எழுதியது நானில்லை.

இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து அவர்களோடு ஸ்டிக்கர் ஒட்டினேன். நான் ஒட்டியதெல்லாம் கோணல். பாக்கியம் அவற்றை உரித்து நேராக ஒட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் தமிழரசியும் மாப்பிள்ளையும் ஒரு வேன் பிடித்து அரியலூர், பெரம்பலூர், திருச்சி என்று கடை கடையாக ஏறி இறங்கினார்கள். ஒரு கடைக்காரர் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு அடுக்கினாராம். இன்னொருவர் வாடிக்கையாளர்களிடம் எடுத்துக் காட்டிக் காட்டியே விற்றாராம். தீபாவளிக்குள் எல்லாம் போய்விடவில்லை. மிச்சத்தை விலை குறைத்துத்தான் தள்ளினாள். ஆனால் ஷெட்டில் அதற்குப் பிறகு மெஷின் நிற்கவில்லை. பாக்கியம் திருப்பூர் போகவில்லை.

இப்போது தமிழரசி என்ன செய்கிறாள் தெரியுமா? பாக்கியம் மாதிரி சின்னத் தோப்புக்காரர்களிடம் பூவெடுப்பதற்கு முன்பே போய், உங்கள் கொட்டை எனக்குத்தான் என்று பேசி வைக்கிறாள். மீதிக்கு ஆப்பிரிக்கா. அதிலும் ஒரே நாடு இல்லை, இரண்டு நாடு. ஒரே ஏஜென்ட் இல்லை, இரண்டு ஏஜென்ட். கல்லூரியில் நான் போட்ட ஸ்லைடில் இதற்கு நீளமாக ஒரு ஆங்கிலப் பெயர் இருந்தது. தமிழரசி இதற்கு வைத்திருக்கிற பெயர் — பயம்.

யோசித்துப் பார்த்தால், உள்ளூர் என்றால் பாசம், வெளிநாடு என்றால் லாபம் என்று பிரித்து வைத்துக்கொண்டு சண்டை போடுவது எங்களைப் போல எழுதிப் பிழைக்கிறவர்களுக்குத்தான் வசதி. கொட்டை உடைத்துப் பிழைக்கிறவர்களுக்குச் சாக்கு வர வேண்டும். வந்த சாக்கில் இருக்கிற ஊர்ப் பெயர் மாறக் கூடாது. கேட்க எவ்வளவு சின்ன விஷயம்! செய்து பார்த்தவளைக் கேளுங்கள்.

இப்போதெல்லாம் எதையாவது போற்றி எழுதுவதாக இருந்தால், முதலில் தங்கைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிவிடுகிறேன். இந்தக் கட்டுரையையும் அனுப்பினேன். ஒரே ஒரு பத்தியை வெட்டிவிட்டாள்... அவளைப் புகழ்ந்திருந்த பத்தி.