கேரம் ஆட வந்த அக்கா

டிசம்பர் விடுமுறையில் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஊர்க்காரர்களுக்கு மூன்று நாள் இலவச வகுப்புகள். ஓர் அறையில் பணச் சேமிப்பு, பக்கத்து அறையில் கேரம். பெயர் எழுதியது நான். காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் வந்தார். கையில் இருந்த கூடையைப் பார்த்ததுமே, ஒரு வார்த்தை கேட்காமல், சேமிப்பில் எழுதிவிட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் கேரம் அறைக்குள் எட்டிப் பார்த்த அக்கா உள்ளே வந்து, யாரோ தவறவிட்ட சிவப்புக் காயை நின்றவாக்கிலேயே ஒரே சுண்டில் குழியில் தள்ளினார்.

"இன்னாக்கா, இதுல சேர்ந்திருக்கலாமே?" என்றேன்.

"இதுக்குத்தான் நைனா யாவாரத்த வுட்டுட்டு வந்தேன். வாயத் தொறக்கறதுக்குள்ள நீ எழுதிட்ட. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இது கெடையாதாக்கும்னு கம்முனு இருந்துட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாலையில் நான் அவரிடம் கொடுத்த சான்றிதழில் 'சேமிப்பு' என்றே இருந்தது. இப்போதெல்லாம் பேனாவை மூடிவைத்துவிட்டுத்தான் கேட்கிறேன்: "உங்களுக்கு எதுல சேரணும்?"