காலண்டர் தாளின் பின்பக்கம்

எழுபதுகளின் நடுவில், திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தேன். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட் ஷிப்ட். வீடு ராயபுரத்தில். என் மனைவிக்கு ஓயாத உடம்பு வலி. இன்றைக்குத் தோள் என்பாள், நாளைக்கு இடுப்பு, மறுநாள் முழங்கை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. வலி மாத்திரையாக விழுங்கி வயிறு புண்ணானதுதான் மிச்சம்.

வலி என்றால் ஓரிடத்தில் நிற்காதா? இவள் நடிக்கிறாள் என்றே முடிவு கட்டிவிட்டேன். தினமும் கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கத்தில், அன்றைக்கு எங்கே வலி என்றாள், எவ்வளவு புலம்பினாள் என்று குறித்து, கடைசியில் 'நாடகம்' என்றும் எழுதி வைத்தேன். டாக்டர் வாயாலேயே அதைச் சொல்ல வைத்து, அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகத் திட்டம். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இரண்டு மாதத் தாள்களோடு ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் அவளுடைய கழுத்து, தோள், இடுப்பு என்று விரலால் லேசாக அழுத்தினார். அழுத்திய இடமெல்லாம் துடித்துப்போனாள். பிறகு என் தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பிப் படித்தார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வலி கூடுதே, அந்த வாரம் வீட்ல என்ன?" என்று கேட்டார்.

அவை என் நைட் ஷிப்ட் வாரங்கள். சொன்னேன்.

"இவரு ராப்பூரா மிஷினாண்ட நின்னுகினு கீறாரு, எனக்கு எப்டிம்மா தூக்கம் வரும்? வூட்டுக்கு வர்ற வரிக்கும் முழிச்சிகினுதான் கெடப்பேன்" என்றாள் அவள்.

எக்ஸ்ரேயில் தெரியாத, ஆனால் நிஜமான நோய் இது, தூக்கம் கெட்டால் ஏறும் என்றார் டாக்டரம்மா. முழுசாகப் போகாது, அடக்கி வைக்கலாம். வலி மாத்திரைகளை நிறுத்தி, இரவில் ஒரே ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். வெந்நீர் ஒத்தடம், தினமும் கொஞ்ச தூரம் நடை. பகல் ஷிப்டுக்கு மாற்றித் தரும்படி தொழிற்சாலையில் என்னைக் கேட்கச் சொன்னார். 'நாடகம்' பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெனம் குந்திகினு எழுதினியே, அதான்யா என்னைக் காப்பாத்திச்சு. நான் வாயால சொன்னா எவன் நம்புவான்?"

கூனிக் குறுகிப் போனேன். பகல் ஷிப்ட் கிடைத்தது, சில மாதங்களில் வலியும் பாதியாகக் குறைந்தது. உண்மையைச் சொல்லத்தான் இத்தனை வருஷமாக எனக்கு வாய் வரவில்லை. இப்போது நான் எழுதும் இது அச்சில் வந்தால் அவளை உட்கார வைத்து நானே படித்துக் காட்டுவேன். கட்டினவளின் வலியை நம்ப எனக்கு ஒரு டாக்டர் தேவைப்பட்டதை, அவள் என் வாயால்தான் கேட்க வேண்டும்.