வாபஸ் வாங்காத மனு

உத்தமபாளையம் பக்கத்தில் எங்கள் பேரூராட்சியில் பெண்களுக்கென்று ஒதுக்கிய வார்டு ஒன்று, ஒரே ஒரு தேர்தலைப் பார்த்துவிட்டு மறுவரையறையில் காணாமல் போனது. போய்த் தொலையட்டும். அதன் பேச்சை எடுத்தாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரியம்மாதான் வேட்பாளர். நோட்டீஸில் படம் மட்டும் பெரியப்பாவுடையது. பெரியம்மாவின் மனு தள்ளுபடியானால் கைகொடுக்கட்டுமென்று அம்மாவையும் டம்மியாக மனுப்போட வைத்தார்கள். வாய்க்கால்கரைத் தெருப் பெண்களுக்குக் கக்கூஸ் கட்டித் தருவோம் என்று நோட்டீஸில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள் அம்மா.

“அசிங்கத்தையெல்லாம் அச்சடிக்கவா?” என்று பெரியப்பா சிரித்தார்.

வாபஸ் வாங்கும் நாளில் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. “நான் வரல. கையெழுத்தும் போடமாட்டேன்” என்றாள் அம்மா. அப்பா தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். ஊஹூம்.

முடிவு வந்தது. அம்மாவுக்குப் பதினேழு ஓட்டு. பெரியம்மா எட்டு ஓட்டில் தோற்றாள்.

“யாரு அந்தப் பதினேழு பேரு? சொல்லு!” என்று பெரியப்பா நடுவீட்டில் நின்று குதித்தார்.

“பெட்டிக்குள்ள எட்டியா பாத்தேன்?” என்றாள் அம்மா. அப்பா அவளைப் பெரியப்பாவின் காலில் விழச் சொன்னார். விழுந்தாள். “என்மேல உள்ள கோவத்த என்கிட்டயே தீத்துக்கங்க மச்சான். யாரு என்னன்னு கேக்காதீக.”

எனக்கு ஒன்பது வயது. தெருப் பிள்ளைகள் அதற்குள் என்னைப் ‘பதினேழு’ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அந்த ஆத்திரத்தில் முன்னால் போய் நின்றேன்.

“எனக்குத் தெரியும் பெரியப்பா! நம்ம திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்கு வருவாகல்ல, வாய்க்கால்கரை அக்கா, அவுகதான் ‘ஒங்களுக்குத்தான்க்கா என் ஓட்டு’ன்னு அம்மாகிட்ட சொன்னாக.”

“எங்காத்தா! ஒங்கம்மாவுக்கு இல்லாத ரோசம் ஒனக்கு இருக்கு” என்று அவர் என் தலையைத் தடவினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. த்தூ! அந்தத் தலையில் நாலு கொட்டு வைக்க அன்றைக்கு ஆளில்லை.

மறுநாளிலிருந்து அந்த அக்காவுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. கைக்குழந்தையோடு கேட்டருகில் நின்று அழுதாள். உண்மையைத்தானே சொன்னேன் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. தலை சீவிவிட்டாள், சோறு போட்டாள். பேச மட்டும் செய்யவில்லை. காலில் விழுந்த அவமானத்தை என்மேல் காட்டுகிறாள் என்று நானும் வீம்பாக முறைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த அக்காவின் பெயர் வெளியே வரக்கூடாது என்றுதான் அவள் காலில் விழுந்தாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.