ஓவிலா விட்ட ஒரே கோல்

இப்போது ஐஸ் ஹாக்கி ஆட வரும் ஒவ்வோர் அணியும் இரண்டு கோல்கீப்பர்களோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிறது. முகமூடி இல்லாதவனை வலைக்கு முன்னால் யாரும் நிற்க விடுவதில்லை. ஓவிலா தெரியோவின் காலத்தில் அணிக்கு ஒருவன்தான், அதுவும் வெறும் முகத்தோடு. ரப்பர் வட்டு முகத்தைக் கிழித்தால், டாக்டர் தையல் போட்டு அனுப்பும்வரை ஆட்டம் காத்திருக்கும். அவனால் எழவே முடியாவிட்டால், உள்ளூர்க்காரர்கள் தங்கள் மாற்று ஆளை எதிரணிக்குக் கொடுத்து உதவ வேண்டும். கியூபெக்கில் காகித ஆலையை நம்பிப் பிழைத்த எங்கள் சென்ட்-ஆர்சென் ஊரில் அந்த மாற்று ஆள் ஓவிலா.

ஆலையில் மரக்கூழ்த் தொட்டி அவன் பொறுப்பு. ஒன்பது குளிர்காலமாகப் பயிற்சியில் நம்மவர்கள் அடித்ததையெல்லாம் உடம்பில் வாங்கினான். ஆட்டம் என்று வந்தால் கோட்டை மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு உட்கார்ந்திருப்பான். ஒரே ஒரு நிஜ ஆட்டத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருடம் மார்ச் மாதச் சனிக்கிழமை மத்தியானம் அது வாய்த்தது. கோப்பைக்கான இறுதி ஆட்டம். இரண்டுக்கு இரண்டு என்று இருக்கையில் வட்டு பட்டு வெளியூர் கோல்கீப்பரின் கண் வீங்கி மூடிக்கொண்டது. ஓவிலா எதிரணியின் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கியபோது ஊரே கொண்டாடியது. இனிக் கோப்பை நமக்குத்தான் என்று ஆளாளுக்குக் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அவனோ ஒன்றையும் உள்ளே விடவில்லை. மட்டையால் தடுத்தான், காலால் தடுத்தான், ஒன்றை மோவாயிலேயே வாங்கினான். சிரித்த ஊர் முணுமுணுக்க ஆரம்பித்தது. கடைசி நிமிடத்தில் எங்கள் தலைவன் ஃபெர்னான் அடித்த வட்டு நாலு பேர் கால்களுக்கு ஊடே புகுந்து வந்தது. ஓவிலா அதைப் பார்க்கவே இல்லை. திரும்பினான், வலைக்குள் கிடந்தது.

ஊர் ஜெயித்தது. ஓவிலாவைத்தான் முதலில் தோளில் தூக்கினார்கள். நேரம் பார்த்து விட்டுக்கொடுத்தானே, கெட்டிக்காரன் என்று கண்ணடித்தார்கள். இல்லை என்று அவன் சொல்லச் சொல்ல இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாதிரியாரே அவன் தோளைத் தட்டினார்.

"ஊருக்கு நல்லது செஞ்சப்பா. ஆனா பாவசங்கீர்த்தனத்துல ஒரு வார்த்தை சொல்லிடு."

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. செய்யாததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? ஊரில் அவனை நம்பியது ஒருவன்தான், ஃபெர்னான். ஓவிலாவின் மனைவி லூசியெனுக்கு அண்ணன். தன் வாழ்நாள் கோலை மச்சான் போட்ட பிச்சை என்று ஊர் பேசினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இருவரும் யோசித்து ஒரு வழி கண்டார்கள். செவ்வாய்க்கிழமை ஆலை விட்டதும் ஊர் பார்க்க, அதே இடத்திலிருந்து ஃபெர்னான் பத்துத் தரம் அடிப்பது. அதில் ஒன்றேனும் உள்ளே போனால் ஊர் வாயை மூடும்.

முன்னால் மறைக்க ஆளில்லை. ஏழு வட்டுகளை ஓவிலா சுலபமாகத் தடுத்தான். கூட்டம் சிரிக்கத் தொடங்கிய பிறகுதான் அவனுக்கு விஷயம் உறைத்தது. தான் தடுக்கிற ஒவ்வொன்றும் தனக்கு எதிரான சாட்சி. நம்ப வைக்க வேண்டுமானால் ஒன்றை விட்டாக வேண்டும்.

எட்டாவதை விட்டுவிடத்தான் நினைத்தான். கால் போய் மறித்தது. ஒன்பதாவதும் அப்படியே. பத்தாவதை ஃபெர்னான் கிட்டத்தட்ட கெஞ்சுகிற மாதிரி மெதுவாக, வலது ஓரமாக அடித்தான். ஓவிலா கை நீட்டி அதைப் பிடித்தான்.

எல்லோரும் கைதட்டினார்கள். இவ்வளவு தடுக்கத் தெரிந்தவன் சனிக்கிழமை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறான் என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள்.

ஃபெர்னான் மட்டையை வீசி எறிந்துவிட்டு வந்தான்.

"ஒண்ணே ஒண்ணு விட்டிருக்கக் கூடாதா, மச்சான்?"

ஓவிலா கையிலிருந்த வட்டைப் பார்த்தான்.

"அது என்னால முடியாதுன்னுதானே மூணு நாளா சொல்லிட்டிருக்கேன்."